அவரை எனக்குத் தெரியாது

பாரிஸ், 4 அக்டோபர் 1953

என் லூசெத்துக்கு,

படம் முடிந்துவிட்டது. பெயர் 'பனியில் ஒரு சத்தியம்'. மூக்கைச் சுளிக்காதே, நான் வைத்த பெயர் அல்ல. போருக்குப் பிறகு முதல் தடவையாக உன் அப்பா கதாநாயகன்! தபால்காரன், நீதிபதி, கதாநாயகியின் மாமா என்று மூலையில் நின்றுகொண்டிருந்தவனைத் தேடிப் பிடித்து நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள்.

கதையைக் கேள். நான் பெரிய கண் மருத்துவர், மனைவியை இழந்தவர். பார்வையில்லாத ஒரு பியானோக்காரப் பெண் மேல் காதல். நானே அறுவை செய்து அவளுக்குக் கண் கொடுக்கிறேன். கட்டு அவிழ்க்கிற அன்று, என் வயதைப் பார்த்துவிடுவாளே என்று பயந்து ஓடிப்போகிறேன். கடைசியில் பனி கொட்டுகிற ரயிலடியில் அவள் ஜன்னலுக்கு முன்னால் முழங்காலிட்டு உயிரை விடுகிறேன். பனி என்று மேலிருந்து கொட்டியது வாத்து இறகு. ஒன்று மூக்குக்குள் போய்விட்டது. தும்மலை அடக்கியதில் கண்ணில் தண்ணீர் தாரை தாரையாக வந்தது. இயக்குநர் அதை நிஜ அழுகை என்று நினைத்துக் கைதட்டினார்.

அதெல்லாம் கிடக்கட்டும். ரெமியை எப்போது எனக்குக் காட்டப்போகிறாய்? நீ வேலை பார்க்கிற மருந்துக்கடைக்காரரின் மகன், நல்லவன், கொஞ்சம் காது பெரிசு, இவ்வளவுதான் எழுதியிருக்கிறாய். காது பெரிசாக இருந்தால் நல்லதுதான், நீ சொல்வதைக் கேட்பான். அந்த வீட்டாருக்கு நான் யாரென்று சொன்னாயா? எப்படி எடுத்துக்கொண்டார்கள்? ரெமியின் அம்மா மதாம் தெலாஜ் என்ன சொன்னார்? எல்லாம் விவரமாக எழுது. அடுத்த மாதம் நானே லிமோஜ் வந்து அவர்கள் கையைக் குலுக்கலாம் என்றிருக்கிறேன்.

உன்
ரொலான் வல்மேர்

பார், பழக்க தோஷத்தில் உனக்கும் சினிமாக் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். உன் அப்பா குஸ்தாவ் புலார் என்று படித்துக்கொள்.


லிமோஜ், 13 அக்டோபர் 1953

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்களுக்குப் பெரிய வேடம் கிடைத்ததில் சந்தோஷம்.

அடுத்த மாதம் வர வேண்டாம். கடையில் வேலை அதிகம். குளிர் தொடங்கியதும் ஊர் முழுக்க இருமிக்கொண்டு எங்கள் கடைக்குத்தான் வருகிறது. மதாம் தெலாஜுக்கும் உடம்பு சரியில்லை. அவர்கள் பழைய மாதிரி மனிதர்கள் அப்பா. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்து, மாவுக்குள் உருளைக்கிழங்கு வைத்துச் சுட்ட பண்டத்தைச் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் வரை சீட்டாடுவார்கள். புதியவர்களைக் கண்டால் அவர்களுக்குக் கொஞ்சம் கூச்சம். சரியான நேரம் வரும்போது நானே எழுதுகிறேன்.

இன்னொன்று. உறையின் பின்பக்கம் குஸ்தாவ் புலார் என்றே எழுதுங்கள். கடைக்கு வருகிற தபாலை மதாம்தான் முதலில் எடுத்துப் பார்ப்பார்.

உங்கள்
லூசெத்


பாரிஸ், 21 நவம்பர் 1953

லூசெத் கண்ணு,

உறையைப் பார்த்தாயா? குஸ்தாவ் புலார். நல்ல பிள்ளையாக எழுதியிருக்கிறேன். இந்தப் பெயரைப் பார்த்தால் யாராவது கோழிக்கடைக்காரன் என்றுதான் நினைப்பார்கள். ஆக, நீ இன்னும் சொல்லவில்லை. நான் கோபப்படவில்லை. உன் அம்மா வீட்டிலும் ஆரம்பத்தில் இப்படித்தான். அவள் தன் அப்பாவிடம் என்னைப் பற்றிச் சொல்லவே பயந்தாள். "நடிகனா? அப்ப சாப்பாட்டுக்கு என்ன பண்றான்?" என்று கேட்டாராம் அவர். அது நல்ல கேள்விதான்.

படம் இங்கே வெளிவந்தது. பத்திரிகைகள் ஏதாவது உன் கண்ணில் பட்டதா? பட்டிருந்தால் நம்பாதே. 'வல்மேர் முழங்காலிடும்போது காதல் தெரியவில்லை, முட்டி வலிதான் தெரிகிறது' என்று ஒருத்தன் எழுதியிருக்கிறான். அவனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பாரிஸ்காரர்கள் எதையும் முழுசாக உணரமாட்டார்கள். வெளியூர்களில்தான் படம் ஓடும், அங்கேதான் மனிதர்களுக்கு இதயம் இருக்கிறது என்று தயாரிப்பாளர் சொல்கிறார். டிசம்பரில் லிமோஜுக்கும் வருகிறது.

எனக்கு ஒரு யோசனை. அவர்களைப் படத்துக்குக் கூட்டிப்போ. ஒன்றும் சொல்லாதே. கடைசிக் காட்சி முடிந்து விளக்கு போட்டதும், எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது சொல்: "அது எங்க அப்பா." எப்படி இருக்கும்!

நீ கூப்பிடாமல் நான் வரமாட்டேன். வாக்குக் கொடுக்கிறேன்.

அப்பா


லிமோஜ், 15 டிசம்பர் 1953

அன்புள்ள அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் படம் பார்த்தோம். எல்லாருக்கும் பிடித்திருந்தது. மதாம் தெலாஜ் கைக்குட்டையை நனைத்துவிட்டார். கூட்டத்தில் விஷயத்தைச் சொல்லத் தோதாக இல்லை. இன்னொரு சமயம் சொல்கிறேன்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன். உங்கள் அறையில் கணப்பு சரியாக எரிவதில்லை என்று போன வருஷம் எழுதியிருந்தீர்களே.

லூசெத்


பாரிஸ், 23 டிசம்பர் 1953

அன்புள்ள லூசெத்துக்கு,

காலுறை வந்தது. நன்றி. மதாம் தெலாஜுக்குப் படம் பிடித்ததில் மகிழ்ச்சி.

வசந்தத்தில் உன் கல்யாணத்துக்கு என்னால் வர முடியாது என்று நினைக்கிறேன். மொரோக்கோவில் ஒரு படப்பிடிப்பு இருக்கும் போலிருக்கிறது. உறுதியில்லை, ஆனால் இருக்கும். உன் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் நடத்திப்போக ரெமியின் அப்பா முசே தெலாஜையே கேட்டுக்கொள். அவர் பொறுப்பான மனிதராகத் தெரிகிறார்.

உன் அம்மாவின் முத்துத் தோடு தனியாகப் பதிவுத் தபாலில் வருகிறது. அது உனக்குத்தான் என்று அவள் எப்போதோ சொல்லிவிட்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

குஸ்தாவ் புலார்


லிமோஜ், 9 ஜனவரி 1954

அப்பா,

தோடு வந்தது. பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டேன். போட்டுக்கொள்ள மனம் வரவில்லை.

'பொறுப்பான மனிதராகத் தெரிகிறார்' என்று எழுதியிருந்தீர்கள். அவரை நீங்கள் பார்த்ததே இல்லையே, எப்படித் தெரிகிறார் என்று அன்றே யோசித்தேன். ஏதோ பேச்சுக்கு எழுதியிருப்பீர்கள் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். நேற்று தெரிந்துவிட்டது.

தியேட்டரில் டார்ச் அடித்து இடம் காட்டுகிற அம்மா நேற்று இருமல் மருந்து வாங்க வந்தார். கடையில் மதாம் தெலாஜும் நானும் இருந்தோம். மருந்துக்குக் காத்திருந்தவர், சும்மா பேச்சு கொடுத்தார்.

"அன்னைக்கு ஞாயித்துக்கிழமை நீங்கள்லாம் வந்தீங்களே மதாம், அந்த வல்மேரே வந்திருந்தாரு தெரியுமா? உங்க வரிசைக்கு நேர் பின்னாடி! துண்டை மூக்கு வரைக்கும் சுத்திக்கிட்டு உக்காந்திருந்தாரு. நான் கண்டுபிடிச்சிட்டேன். யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னாரு. பாவம், ஊரே சிரிக்குது, அவரும் கூடச் சேர்ந்து சிரிச்சுக்கிட்டிருந்தாரு. என்ன பெரிய மனசு பாருங்க!"

மதாம் தெலாஜ் வாயைப் பொத்திக்கொண்டார். "அடக் கடவுளே! நான் என்னென்ன சொன்னேன்! காதுல விழுந்திருக்குமோ?" அப்புறம் அவரே, "போகட்டும், நடிகர்களுக்கு இதெல்லாம் பழக்கமாத்தான் இருக்கும்" என்றார்.

நான் தராசில் பொடி நிறுத்துக்கொண்டிருந்தேன். நிறுத்து முடித்தேன், பொட்டலம் மடித்தேன், பெயர் எழுதி ஒட்டினேன். நேற்றும் சொல்லவில்லை அப்பா. அதை நினைத்தால்தான் என் மூஞ்சியை நானே பார்க்க முடியவில்லை. தியேட்டரில் திடீரென்று நடந்துவிட்டது என்று சொல்லலாம். நேற்று எனக்கு நேரம் இருந்தது.

அவர்களிடம் உங்களைக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்ப்பவர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் பெண்கள் உங்கள் போஸ்டரைக் காட்டி, "உங்கப்பா இன்னைக்கு யாருக்கு முத்தம் குடுக்கிறார்?" என்று கேட்பார்கள். ஒவ்வொரு வாரமும் ஒரு புதுப் பெண்ணோடு சுவரில் நிற்பீர்கள். அந்த எரிச்சல் உள்ளேயே தங்கிவிட்டது போலிருக்கிறது. புது ஊர், புது மனிதர்கள், ஒரு தடவை பொய் சொன்னால் தீர்ந்தது என்று நினைத்தேன்.

நேர் பின் வரிசை என்றால் உங்களுக்கு எல்லாம் கேட்டிருக்கும். இருந்தாலும் நானே எழுதிவிடுகிறேன். நீங்கள் பனியில் முழங்காலிட்டபோது மாடியிலிருந்து ஒருத்தன், "எழுந்திரு தாத்தா, முட்டி பிடிச்சுக்கும்!" என்று கத்தினான். தியேட்டரே சிரித்தது, மதாம் தெலாஜ் கைக்குட்டை நனையச் சிரித்தார். ரெமி என் பக்கம் சாய்ந்து, "இந்த ஆள் மேலயா ஒரு காலத்துல பொம்பளைங்க பைத்தியமா இருந்தாங்க? உனக்குப் பிடிக்குமா இவரை?" என்று கேட்டான். நான் சொன்னேன்: "அவரை எனக்குத் தெரியாது. எங்க வீட்டுல யாரும் சினிமா பார்க்கமாட்டாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தேன். பயத்தில் சிரித்தேன் என்று எழுதலாம். பாதி அப்படித்தான். மீதி, எனக்கும் சிரிப்பு வந்தது அப்பா.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

லூசெத்


பாரிஸ், 17 ஜனவரி 1954

லூசெத்,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நான்கு நாளாக அலைகிறேன். இதுவரை நான் உனக்கு எழுதியதெல்லாம் கொஞ்சம் நடித்து எழுதியதுதான். இதை நடிக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

வாக்கை மீறினது முதலில் நான். நீ கூப்பிடாமல் வந்தேன். ரெமியின் முகத்தை இருட்டிலாவது பார்க்கலாம், விளக்கு போட்டதும் நீ அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கலாம் என்று வந்தேன். பூங்கொத்துகூட வாங்கியிருந்தேன். அதை நாற்காலிக்கு அடியில் வைத்தேன். அப்படியே விட்டுவிட்டும் போனேன்.

நீ சொன்னது கேட்டது. பொய் சொல்லமாட்டேன், வலித்தது. ஆனால் டார்ச் அடிக்கிற அந்த அம்மா பெரிய மனசு என்று சொன்னாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நடந்தது இது. அந்த இடத்தில், சிரிப்பு உச்சத்தில் இருந்தபோது, எனக்குப் பக்கத்திலிருந்த ஒரு பெரியவர் என் முழங்கையை இடித்து, "பார்த்தீங்களா, கிழவனுக்கு எழுந்திரிக்க முடியல!" என்றார். அவர் என் முகத்தை உற்றுப் பார்ப்பது போல எனக்குத் தோன்றியது. அடையாளம் தெரிந்துவிடுமோ என்று பயந்தேன். உடனே சிரித்தேன். நன்றாக, வாய்விட்டு. "இவனையெல்லாம் யார் நடிக்கக் கூப்பிடறாங்க?" என்றுகூடச் சொன்னேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. தொடையில் தட்டிச் சிரித்தார்.

அதற்கு ஒரு நொடி கழித்துத்தான் நீ சொன்னது காதில் விழுந்தது. ஆக, திரையில் மண்டியிட்டுக் கிடந்தவனைத் தெரியாது என்று முதலில் சொன்னது நீ இல்லை. நானேதான். உன் கடிதம் வந்ததும் இதை உடனே எழுதியிருக்கலாம். நீ மட்டும் குற்றவாளியாக இருப்பது எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்தது. அதனால்தான் நான்கு நாள்.

மொரோக்கோவில் படப்பிடிப்பு ஒன்றும் இல்லை. யாரும் கூப்பிடவில்லை. படம் மோசம் என்று எடுக்கும்போதே எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வயதுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு நான் பேசிய வசனம் எதையும் எந்த மனிதனும் பேசமாட்டான். ஆனாலும், மறுபடி நடுவில் நிற்கலாமே என்று ஆசைப்பட்டேன்.

தோட்டைப் போட்டுக்கொள். அது உன் அம்மாவுடையது, இந்த அசிங்கத்தில் அதற்குப் பங்கு இல்லை.

அப்பா


லிமோஜ், 7 பிப்ரவரி 1954

அன்புள்ள அப்பாவுக்கு,

சொல்லிவிட்டேன். நல்ல விதமாகச் சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சீட்டாட்டத்துக்கு நடுவில், கையில் சீட்டை வைத்துக்கொண்டே, "வல்மேர் எங்க அப்பா" என்றேன். முசே தெலாஜ், "எந்த வல்மேர்?" என்று கேட்டார். அவர் நகைச்சுவைக்காகக் கேட்கவில்லை, படத்தில் பாதி நேரம் தூங்கிவிட்டார்.

மதாம் தெலாஜ் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். நடிகர் மகள் என்பதால்தான் என்று நினைத்துப் பின்னாலேயே போனேன். அவர் அழுதுகொண்டிருந்தார்.

"நடிகனா இருந்தா எனக்கென்னடி? கல்யாணத்துக்கு முன்னாடி அவர் படத்தை நான் அக்காவோட ஒளிஞ்சு போய்ப் பார்த்திருக்கேன். என் வாயாலேயே உன் அப்பாவை அப்படியெல்லாம் பேச விட்டுட்டு நீ பக்கத்துல கல்லு மாதிரி உக்காந்திருந்தியே! அதையெல்லாம் அந்த மனுஷன் கேட்டுட்டாரே! இப்ப நான் எந்த மூஞ்சியோட அவர் முன்னாடி நிப்பேன்?"

ரெமி என்னை வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டான். வாசலில் நின்று, "அப்பாவையே தெரியாதுன்னு சொல்ல முடியுது உன்னால. அதுவும் சிரிச்சுக்கிட்டே. நாளைக்கு நான் எங்கயாவது விழுந்து கிடந்தா என்ன சொல்வே?" என்று கேட்டான். நான் எதைச் சொல்லியிருந்தாலும் அவன் நம்பியிருக்கமாட்டான்.

கல்யாணத் தேதியைத் தள்ளிப்போட்டிருக்கிறோம். முறிந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. நான் கடையில் வேலைக்குப் போகிறேன், அவன் 'வணக்கம்' என்கிறான், நான் 'வணக்கம்' என்கிறேன். சீக்கிரம் சமாதானமாகு என்று நான் அவனை அவசரப்படுத்தவில்லை. அவன் கேட்டது நியாயம்.

லூசெத்


லிமோஜ், 28 மார்ச் 1954

அப்பா,

ஈஸ்டருக்கு வாருங்கள். நான் கூப்பிடுகிறேன். மதாம் தெலாஜும் கூப்பிடுகிறார். ஆட்டுத்தொடையா கோழியா என்று மூன்று நாளாக என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். முசே தெலாஜ் உங்களோடு சீட்டாட வேண்டுமாம்.

ரெமியும் ரயிலடிக்கு வருவதாகச் சொன்னான். அவனாகத்தான் சொன்னான். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

உறையில் எந்தப் பெயர் வேண்டுமானாலும் எழுதுங்கள்.

லூசெத்


லிமோஜ், 21 ஏப்ரல் 1954

அன்புள்ள அப்பாவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். மதாம் தெலாஜ் கட்டிக்கொடுத்த வறுத்த இறைச்சியை ரயிலிலேயே முடித்திருப்பீர்கள் என்று முசே தெலாஜ் பந்தயம் கட்டியிருக்கிறார். உங்களிடம் சீட்டில் தோற்றதை அவர் இன்னும் மறக்கவில்லை.

இரண்டு நாளும் வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். சொல்ல நினைத்ததைச் சொல்ல முடியவில்லை. ரயிலடியில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டும்.

பாரிஸ் ரயில் வந்து நின்றதும் நான் பெட்டி பெட்டியாகத் தேடிக்கொண்டு ஓடினேன். ரெமி பின்னால் வந்தான். அவன் அப்பாவும் அம்மாவும் கடிகாரத்துக்குக் கீழே நின்றார்கள். உங்களைத் தாண்டிப் போனேன். ஒரு அடி தூரத்தில், உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனேன். தலை முழுக்க வெள்ளை, மூக்கில் கண்ணாடி. தலைக்குச் சாயம் போடுவதை விட்டுவிட்டதை ஒரு வரி எழுதியிருக்க வேண்டாமா அப்பா? நிஜமாகவே தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை.

நான்கு அடி போன பிறகுதான் உறைத்தது. திரும்பினேன். நீங்கள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த ரயில் நேர அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தீர்கள். ரெமி வீட்டார் எதிரில் நான் மறுபடியும் தெரியாத மாதிரி போகிறேன் என்று நினைத்துவிட்டீர்கள். எனக்குத் தோதாக இருக்கட்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். அந்த முதுகைப் பார்த்தபோது எனக்கு வந்த வெட்கத்தைப் போல தியேட்டரிலும் வரவில்லை, கடையிலும் வரவில்லை.

"அப்பா!" என்று கூப்பிட்டேன். நீங்கள் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். பெட்டி தூக்குகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் திரும்பவில்லை. ரெமி என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "இன்னும் சத்தமாக் கூப்பிடு" என்றான். மூன்றாவது தடவை கத்தின பிறகுதான் திரும்பினீர்கள்.

முதல் இரண்டு தடவையும் உங்களுக்குக் கேட்டிருக்கும், இல்லையா?

ரெமி இப்போதெல்லாம் மறுபடி என்னை வீடு வரைக்கும் கொண்டுவந்து விடுகிறான். தேதி பற்றி இன்னும் பேசவில்லை.

லூசெத்


பாரிஸ், 25 ஏப்ரல் 1954

லூசெத் கண்ணு,

இறைச்சியை ரயில் கிளம்புவதற்கு முன்பே முடித்துவிட்டேன். முசே தெலாஜ் பந்தயத்தில் தோற்றார் என்று சொல்.

நீ கேட்டதற்கு நேராகப் பதில் எழுதுகிறேன். முதல் தடவை கேட்டது. வேறு யாரோ ஒரு பெண் வேறு யாரோ ஒரு அப்பாவைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். இரண்டாவது தடவை, உன் குரல் என்று தெரிந்துவிட்டது. அப்போதே திரும்பியிருக்க வேண்டும். நீ அத்தனை பேர் நடுவில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறாய், நான் காது கேட்காதவன் மாதிரி நேர அட்டவணையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது எழுதுவதற்கு.

இன்னும் ஒரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது.

அப்பா